மண் சரிந்தது விதியினாலா?

நீலகிரி ஜில்லாவில் உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதியன்று ஆறு பெண் கூலியாட்கள் மண்ணில் புதைந்து மாண்ட சங்கதி வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். சரிவான நிலத்தில் கட்டப்பட்டு வந்த ஒரு வீட்டிற்குத் தடுப்புச் சுவர் எழுப்புவதற்காகப் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே உபயோகமின்றிக் கிடந்த ஒரு பழைய பொதுக் கழிப்பிடக் கட்டிடமும் அதைத் தாங்கி நின்ற மண்ணும் ஒன்றாகச் சரிந்து அவர்களை மூடிவிட்டன. சர்க்கார் நிவாரணப் பணம் அறிவித்தது. போலீசார் வழக்குப் பதிந்து சிலரைக் கைது செய்தார்கள். பத்திரிகைகள் சில நாள் எழுதின. பிறகு நமது மக்கள், வழக்கம்போல, "என்ன செய்வது, அவர்கள் விதி அவ்வளவுதான்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

இந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் நாம் இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

நமது தமிழில் "விதி" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, பிரமன் என்பவன் மண்டையோட்டில் எழுதி அனுப்பியதாகச் சொல்லப்படும் விதி. மற்றொன்று, சர்க்கார் கெஜட்டில் அச்சிட்டு வெளியிடும் விதி. முன்னதை இதுவரையில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கண்டதாகச் சொல்லுகிறவனும் பிறர் தலையெழுத்தைப் படித்துச் சொல்லித் தன் வயிற்றை வளர்க்கிறவனாகவே இருக்கிறான். பின்னதையோ, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் காணாத விதியை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நம்புகிறோம். கண்ணெதிரே அச்சில் இருக்கும் விதியை நூற்றுக்கு ஒருவர்கூட மதிப்பதில்லை. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் மலையிலே மண் வெட்டும் ஏழைகளின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

மண் எதனால் சரிகிறது? மண்ணுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. ராகு காலம், எமகண்டம் தெரியாது. ஒரு சரிவு எந்த அளவு சாய்வில் நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேல் செங்குத்தாக அடியை வெட்டினால் மேலே உள்ளது தாங்க ஆளில்லாமல் கீழே வரும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் எடை ஏறுகிறது. அதே சமயத்தில் மண்ணை மண்ணோடு பிடித்துவைக்கும் பிடிப்பு குறைகிறது. எடை ஏறி, பிடிப்பும் குறைந்தால் அது சரியாமல் வேறென்ன செய்யும்? மேலும், வெட்டின மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவித்தாலும், விளிம்பையொட்டி லாரியை நிறுத்தினாலும், பழைய சுவர் ஒன்று மேலே நின்றாலும் அந்தப் பாரமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன்னுக்குக் குறையாத எடை உள்ளது. மார்பளவு புதைந்தவன் மூச்சை வெளியே விட்டால், விட்ட இடத்தை மண் பிடித்துக்கொள்ளும். மறுபடி உள்ளே இழுக்க முடியாது. ஆகையினால்தான் தலை வெளியே தெரிந்தும்கூட ஆட்கள் மாண்டு போகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த விஷயங்கள். தெரிந்ததனால்தான் பரிகாரமும் தெரிந்திருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு, அதாவது சுமார் ஐந்தடிக்கு மேற்பட்ட பள்ளமானால் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும், அல்லது படிப்படியாகச் சாய்த்து வெட்ட வேண்டும் என்பது பள்ளம் வெட்டும் வேலைக்கு நம் நாட்டிலேயே வகுக்கப்பட்டிருக்கும் தர விதி. வெட்டின மண்ணை விளிம்பைவிட்டுத் தள்ளிப் போட வேண்டும். ஏறி வர ஏணி இருக்க வேண்டும். மேலே நின்று வெடிப்பு விடுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீருக்கு வேறு வழி வெட்டிவிட வேண்டும். இவற்றில் எதற்காவது காசிக்குப் போக வேண்டுமா? சில பலகைகளும், சில சவுக்குக் கம்பங்களும், ஒரு ஆள் கூலியும்தானே வேண்டும்! இந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு, செத்தவர் தலையெழுத்தின்மேல் பழி போடுவது எவ்வளவு மலிவான உபாயம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிற்க, நீலகிரியில் இது இன்று நேற்று ஏற்பட்ட காரியமல்ல. கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை 1819-ல் மலையேறிப் பார்த்த பிற்பாடு, சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக முதல் பாதை வெட்டப்பட்டது. அப்புறம் குன்னூர் மலைப்பாதை வந்தது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைக்கும், 1908-ல் உதகமண்டலம் வரைக்கும் பல்சக்கர ரயில் வந்தது. அந்த ரயிலை 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமென்று யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. சல்லிவன் துரை வசித்த பங்களா கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் ஞாபகச் சின்னமாக நிற்கிறது. குன்னூர் ரோடு போடுவதை மேற்பார்த்த கர்னல் லா என்பவருடைய பெயரால் ஒரு நீர்வீழ்ச்சியே "லாஸ் நீர்வீழ்ச்சி" என்று இன்றைக்கும் அழைக்கப்படுகிறது. மேற்பார்த்தவருக்கு ஒரு அருவி கிடைத்தது; அதைப் பற்றி நமக்கு வருத்தமில்லை. ஆனால், காய்ச்சலிலும், கல் உருண்டும், வெடி மருந்திலும் அந்தப் பாதையோரத்தில் விழுந்த கூலிகளுக்கு ஒரு கல்லாவது உண்டா? ஒரு பெயர் ஜாபிதாவாவது உண்டா? பர்லியாரிலிருந்து குன்னூர் வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போகிறவர்கள் அங்கே விழுந்த ஆட்களை எண்ணியதுண்டா? செத்தவன் பெயரை எழுதாத தேசத்தில் சாவின் காரணத்தை எவன் எழுதி வைக்கப் போகிறான்?

மலையின் குணமோ எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1993 நவம்பரில் குன்னூர் ரோட்டில் மரப்பாலத்தில் சரிவு. 2009 நவம்பரில் ஜில்லா முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தையும், வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தையும் அடிக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். எந்த மாதத்தில் எந்தப் பக்கத்துச் சரிவில் ஆளை இறக்கக்கூடாது என்பதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை. மழைக் கணக்கைப் பார்த்தாலே போதும். ஆனால் நடப்பதென்ன? பூஜைக்கு நாள் பார்க்கிறார்கள்; வேலைக்கு நாள் பார்ப்பதில்லை.

ரோடு வேலை தொடங்கும்போது பூமி பூஜை நடக்காத இடம் உண்டா? ஐயர் வருகிறார், தேங்காய் உடைகிறது, பெரிய மனிதர்கள் மாலை போட்டுக்கொண்டு கடப்பாரையைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆயுத பூஜையன்று ரோடு ரோலருக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், நடு ரோட்டில் பூசணிக்காய். ரோலருக்குக் கண் திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, அந்தப் பூசணிக்காய்ச் சதையில் வழுக்கி விழுந்து சைக்கிள்காரன், மோட்டார் சைக்கிள்காரன் மண்டை உடைகிறது. அந்த ரோலரின் பிரேக்கை யாராவது அன்றைக்கு பரீட்சை செய்தார்களா? பின்னால் போகும்போது கத்தும் மணி அதற்கு இருக்கிறதா? சுமார் 150 டிகிரி சூட்டில் கொதிக்கும் தாரை அள்ளி ஊற்றுகிறவன் காலில் பூட்ஸ் இருக்கிறதா, அல்லது சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நிற்கிறானா? ஜல்லி உடைக்கும் மெஷின் பக்கத்தில் நிற்கிறவள் மூக்கில் என்ன இருக்கிறது? அந்தக் கல் தூசு நெஞ்சில் படிந்து நுரையீரலை இறுக்கிவிட்டால் பிறகு மருந்தில்லை என்பதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? இரும்புக்குப் பூஜை, இரத்தமும் சதையுமான ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால், இது என்ன பக்தி என்று கேட்கின்றோம்.

"கூலியாட்களே பூஜையில் நம்பிக்கை வைத்திருக்கிறார்களே, அது அவர்களுக்கு ஒரு தைரியம்தானே, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்று சிலர் நம்மைக் கேட்கலாம். நாம் சொல்வது என்னவென்றால், அந்தத் தைரியம்தான் ஆபத்து. ஐந்தடிக்கு மேலே முட்டில்லாமல் நிற்கும் மண்ணைக் கண்டால் மனிதனுக்குப் பயம் வர வேண்டும். அந்தப் பயம் அவனுடைய அறிவு அவனுக்குச் செய்யும் எச்சரிக்கை. தேங்காய் உடைத்து அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால், மண் அப்படியே நிற்கிறது. பயம் மாத்திரம் போய்விடுகிறது. அதனால் லாபம் அடைகிறவன் பலகை வாங்காத காண்ட்ராக்டரே தவிர, பள்ளத்தில் இறங்குகிறவன் அல்ல.

வடக்கே நடந்த ஒரு விஷயத்தையும் பாருங்கள். உத்தராகண்டில் சில்க்யாரா என்ற இடத்தில் ரோட்டிற்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த சுரங்கம் 2023 நவம்பர் 12-ந் தேதி இடிந்து, 41 தொழிலாளர்கள் உள்ளே அடைபட்டார்கள். உடனே அவ்வூரில் பலர், அங்கேயிருந்த ஒரு சிறு கோவிலை அப்புறப்படுத்தியதால் மலைத் தெய்வத்திற்குக் கோபம் வந்துவிட்டது என்றார்கள். சுரங்க வாயிலில் ஒரு கோவிலும் வைத்தாயிற்று. ஆனால், 2018-ல் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்த திட்டத்திலேயே தப்பிக்கும் வழியுடன் கூடிய சுரங்கம் என்று எழுதப்பட்டிருந்தது. சரிந்த அன்று அந்த வழி இருந்திருந்தால் 17 நாள் உள்ளே கிடந்திருப்பார்களா? கடைசியில் அவர்களை வெளியே கொண்டுவந்தது எது? குழாய் செலுத்தின மெஷினும், அது உடைந்துபோன பிறகு குழாய்க்குள் ஊர்ந்து போய்க் கையால் மண்ணைத் தோண்டின எலிவளைத் தொழிலாளர்களின் கைகளுமே அல்லவா? சாமி கோபித்தது என்றவர்கள், தப்பும் வழி எங்கே என்று கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்!

இதற்கு எதிராக இன்னொரு தேசத்துச் சங்கதி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலத்தை 1933 முதல் 1937 வரையில் கட்டினார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெரிய வேலைகளில் பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஒரு உயிர் போகும் என்று கணக்கே வைத்திருந்தார்களாம். அதுவும் ஒருவித விதிதான்! ஆனால் இஞ்சினீயர் ஜோசப் ஸ்ட்ராஸ் என்பவர் அந்த விதியை ஒப்புக்கொள்ளாமல், ஆட்களுக்குக் கெட்டித் தொப்பி போட்டார். பாலத்தின் அடியில் பெரிய வலையைக் கட்டினார். தவறி விழுந்த 19 பேர் வலையில் விழுந்து பிழைத்தார்கள். முடிவில் 1937 பிப்ரவரியில் ஒரு சாரம் பெயர்ந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனதில் 10 பேர் மாண்டார்கள். அதற்கு முன் ஒருவர். ஆக 11 பேர். "பார்த்தீர்களா, வலை கட்டியும் செத்தார்களே, விதியை யாரால் வெல்ல முடியும்?" என்று வைதிகர் கேட்பார். பகுத்தறிவு ஒருநாளும் சாவே வராது என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஒரு முறை கொன்ற காரணத்தை மறுமுறை கொல்ல விடாமல் தடுப்பதே அதன் வேலை. 19 பேர் வீட்டிற்குப் போனார்களா இல்லையா? அந்த 19 பேரையும் எந்தச் சாமியின் கணக்கில் எழுதுவது?

இனி நமது சட்டத்திற்கு வருவோம். வேலையினால் வரும் விபத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 1923-லேயே இந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் செத்தவனுடைய ஜாதகத்தைக் கேட்கவில்லை. கட்டிடத் தொழிலாளர் பாதுகாப்பிற்கென்று 1996-ல் தனிச் சட்டம் வந்தது. 2020-ல் இவைகளை எல்லாம் புதிய தொகுப்புச் சட்டங்களாகச் சேர்த்து, 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய சட்டத்தில் 500 ஆட்கள் இருந்தால் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்றிருந்தது. புதியதில் கட்டிட வேலைக்கு 250 ஆட்கள் என்றிருக்கிறது. நல்லது. ஆனால் நீலகிரிச் சரிவில் தடுப்புச் சுவர் கட்டும் மேஸ்திரியிடம் 250 ஆட்களா இருக்கிறார்கள்? பத்துப் பேர், பன்னிரண்டு பேர்தான். பத்துப் பேருக்குக் குறைந்தால் கட்டிட வேலைப் பாதுகாப்புச் சட்டம் எட்டியே பார்ப்பதில்லை. பெரிய கம்பெனி ரோட்டை எடுக்கிறது. அதில் ஒரு துண்டை ஒரு காண்ட்ராக்டரிடம் விடுகிறது. அவன் ஒரு சப்-காண்ட்ராக்டரிடம். அவன் ஒரு மேஸ்திரியிடம். இலாபம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஆபத்து கீழே இறங்கிக்கொண்டே போய், கடைசியில் பாண்டு சுமக்கும் சித்தாள் தலையில் வந்து உட்காருகிறது. சட்டமோ நடுவழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது.

மலையைக் காப்பதற்காகப் பொக்லைன் மெஷினை ஜில்லா நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் ஓட்டக்கூடாது என்று நீலகிரியில் கட்டுப்பாடு இருக்கிறது. அதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கிறோம். ஆனால், மெஷினை இறக்க அனுமதி வேண்டுமென்றால், செங்குத்தாக வெட்டின மண்ணின் அடியில் மனிதனை இறக்க மாத்திரம் யாரையும் கேட்க வேண்டாமா?

பெரிய கம்பெனிகளைக் கேட்டால் எங்களிடம் பாதுகாப்பு ஏற்பாடு அபாரமாக நடக்கிறது என்பார்கள். 1966 மார்ச்சு 4-ந் தேதி தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் ஏற்பட்டதை முன்னிட்டு வருஷா வருஷம் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். கொடி ஏற்றுவது, நெஞ்சில் கை வைத்துப் பிரமாணம் எடுப்பது, மிட்டாய் கொடுப்பது, படம் எடுத்துக் கம்பெனிப் பத்திரிகையில் போடுவது! பிரமாணத்தை ஒருவன் சொல்ல, அர்த்தம் தெரியாமல் மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவதற்கும் புரோகிதன் மந்திரம் சொல்லி எஜமானன் திருப்பிச் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? மறுநாள் அதே ஆள் அதே வெறுங்காலோடு தார்ச் சட்டியண்டை நிற்பானேயானால், அந்த நாளும் ஒரு பண்டிகைதானே ஒழிய வேறல்ல. கம்பெனிப் பத்திரிகையில் மானேஜருக்குக் கிடைத்த கேடயம், டைரக்டர் வீட்டுக் கலியாணம், இன்ன தேதிக்குள் இத்தனை மைல் முடித்த பெருமை எல்லாம் வருகிறது. நேற்று ஒரு கல் உருண்டு, ஒருவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததே, அந்தச் சங்கதி வருகிறதா? தொழிலாளிக்கு வேண்டிய செய்தி அதுதான். இன்று ஒரு முழம் தள்ளி விழுந்த கல் நாளை நேராக விழும். அதைச் சொன்னவனுக்கு வெகுமதி கொடுத்து, எந்த இடம், என்ன காரணம், என்ன செய்தோம் என்று எல்லா வேலைத்தலத்திலும் தமிழிலும், ஜார்க்கண்டு, அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஆட்களின் பாஷையிலும் படித்துச் சொல்லுகிற கம்பெனிதான் பாதுகாப்பான கம்பெனி. சொன்னவனை "நாளை வரவேண்டாம்" என்று அனுப்புகிற கம்பெனி, எத்தனை கொடி ஏற்றினாலும் கொலைக்களம்தான்.

இன்னொன்று. மண்ணடியில் மாள்கிறவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தமாக ஒரு சென்டு நிலமும் இல்லாதவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவர்கள், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து கப்பலேற்றப்பட்டு இந்த மலையில் வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், அவர்களிலும் பெண்கள். ஆண் பிள்ளைக்கு ஒரு கூலி, அதே பள்ளத்தில் மண் சுமக்கும் பெண் பிள்ளைக்கு அதற்குக் குறைந்த கூலி. மண் சரியும்போது மாத்திரம் குறைத்துச் சரிவதில்லை! போன ஜன்மத்துப் பாவம் என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து வைத்திருப்பதனால்தான், "இந்தப் பள்ளத்தில் முட்டுக் கொடுக்காமல் இறங்கமாட்டேன்" என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுகிற துணிச்சலைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம். உயிருக்கு ஆபத்து என்று நியாயமான சந்தேகம் வந்தால் தொழிலாளி முதலாளிக்கு அறிவிக்கலாம், அறிவித்தால் உடனே கவனிக்க வேண்டும் என்று புதிய சட்டத்திலும் எழுதியிருக்கிறது. ஆனால் தனி ஒருத்தி சொன்னால் அவள் கூலி போகும். பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் பலகை வரும்.

ஆகவே தோழர்களுக்கு நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் ரோடு வேலையோ சுவர் வேலையோ தொடங்கினால், பூஜைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்காதீர்கள்; முட்டுப் பலகை எங்கே, தொப்பி எங்கே, பூட்ஸ் எங்கே, மேலே நின்று பார்க்கும் ஆள் யார் என்று கேளுங்கள். பஞ்சாயத்திலும் முனிசிபாலிடியிலும் வேலைக் காண்ட்ராக்டு கொடுக்கும்போது, கீழ்க் காண்ட்ராக்டில் செத்தாலும் மேல் கம்பெனியே ஜவாப்தாரி என்று எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள். சுவரில் தண்ணீர் வடியத் துவாரம் விட்டிருக்கிறார்களா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அதற்கு இஞ்சினீயர் பரீட்சை கொடுத்திருக்க வேண்டியதில்லை. கட்டிடத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1994 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதியாத சித்தாள், கொத்தனார் உங்கள் தெருவில் இருந்தால், ஒருநாள் கூலி போனாலும் பாதகமில்லை என்று சொல்லிக் கையோடு அழைத்துப் போய்ப் பதிந்து வையுங்கள்.

காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மேலே உள்ளவன் குறைந்த ரேட்டுக்குக் கேட்கிறான், பலகைக்குப் பணம் எங்கே என்பீர்கள். அப்படியானால் பலகைக்கும் ஆளுக்கும் ஆகும் தொகையைத் தனிக் கணக்காகக் காட்டி, அதில் ஒரு காசும் குறைக்கமாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். பூமி பூஜைச் செலவைக் குறைக்க எவனும் உங்களைக் கேட்டதில்லையே! அந்தக் கண்டிப்பைப் பலகைக்கும் காட்டுங்கள்.

லவ்டேலில் ஆறு பெண்கள் மாண்ட மறுவாரம், மலையில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு மேஸ்திரிக்கும் "இன்ன காரணத்தால் சரிந்தது, இன்னபடி செய்" என்று சேதி போயிற்றா என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்கின்றோம். போயிருந்தால் சந்தோஷம். போகவில்லையென்றால், அடுத்த சரிவில் போகும் உயிர்களுக்குப் பிரமன் ஜவாப்தாரியல்ல. பெயரும் விலாசமும் உள்ள மனிதர்களே ஜவாப்தாரிகள் என்பதை இப்போதே தெரிவித்துக்கொள்ளுகிறோம்.